நீர்விமானமும் நீர்நிலையும்

புதிய வாகனம் ஒன்று நாட்டிற்குள் வரும்போது மக்கள் கவனம் வாகனத்தின்மீதே செல்லுகிறது; அது செல்லவேண்டிய வழியைப்பற்றிச் சிந்திப்போர் சிலரே. நமது நாட்டின் நீர்விமானப் போக்குவரத்து வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நீரில் இறங்கும் விமானம் நமக்குப் புதிதன்று. 1930-களின் பிற்பகுதியில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற பறக்கும் படகுகள் குவாலியர் ஏரியிலும், கல்கத்தாவில் ஹூக்ளி நதியிலும் இறங்கிச் சென்றன. அண்மைக் காலத்தில், 2011-இல் அந்தமான் தீவுகளில் எட்டுப் பேர் அமரும் சிறு விமானம் ஒன்று சேவையைத் தொடங்கியது. 2013-இல் கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில் தொடங்கவிருந்த பயணம், மீனவர் எதிர்ப்பினால் முதல் நாளிலேயே தடைப்பட்டது. 2020 அக்டோபர் 31-இல் ஆமதாபாத் சபர்மதிக்கும் கேவடியாவுக்குமிடையே சேவை தொடங்கியது. பராமரிப்பிற்காக விமானம் மாலத்தீவிற்குச் செல்லவேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் சேவை நின்றது. இம்மூன்றில் ஒன்றேனும் நிலைபெறவில்லை.

இதனால் விமானமே குறையுடையது என முடிவு செய்தல் தவறு. கனடாவின் மேற்குக் கரையில் ஹார்பர் ஏர் என்னும் நிறுவனம், 1982-இல் இரண்டு சிறு விமானங்களைக் கொண்டு, மரத்தொழிலாளர்க்கு வாடகைப் பயணம் நடத்தத் தொடங்கிற்று. பின்னர் வான்கூவர், விக்டோரியா நகரங்களின் துறைமுகங்களை இணைக்கும் காலமுறைச் சேவையாக அது வளர்ந்தது. அங்கே தேவை முன்னே இருந்தது. விமானம் பின்னே வந்தது. நாமோ விமானத்தை முதலில் வரவழைத்துப் பின்னர் தேவையைத் தேடினோம்.

நீர்நிலையின் இயல்பும் ஆராயத்தக்கது. நீர்விமானம் புறப்படும்போது முதலில் நீரின் தடையை வென்றாகவேண்டும். மிதவையின் அடிப்பகுதியில் படிபோன்ற வெட்டு ஒன்றுண்டு. அதன்வழிக் காற்றுப் புகுந்து நீரின் பிடியைத் தளர்த்துகிறது. சிற்றலைகள் இதற்குத் துணைபுரியும். கண்ணாடிபோல் அசைவற்ற நீரோ இடையூறானது. புறப்பட நெடுந்தூரம் ஓடவேண்டியிருப்பதுடன், இறங்கும்போது விமானி தம் உயரத்தைச் சரிவர மதிப்பிடவும் இயலாது. பேரலை ஆபத்து, மிதக்கும் கட்டையும் ஆபத்து. 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள மாட்டுப்பட்டி போன்ற நீர்த்தேக்கத்தில் காற்றின் அடர்த்தி குறைவாதலால், ஓடுதூரம் இன்னும் மிகும். 2024 நவம்பரில் கொச்சியிலிருந்து அங்கே வெள்ளோட்டம் வெற்றியுடன் நடைபெற்றது உண்மையே. எனினும், நல்ல வானிலையில் ஒருநாள் இறங்குவது வேறு. ஆண்டு முழுவதும் குறித்த வேளையில் இறங்குவது வேறு. கோடையில் நீர்மட்டம் தாழும்; மழைக்காலத்தில் மேகம் தாழும்.

ஆகவே, நீர்ப்பரப்பு உள்ள இடமெல்லாம் நீர்விமானத்திற்கு ஏற்றது என்னும் கருத்தைக் கைவிடுதல் வேண்டும். முதலிடம் பெறத்தக்கவை அந்தமானும் இலட்சத்தீவும் ஆகும். தீவுகளில் ஓடுபாதைக்கு நிலம் அரிது, கப்பற்பயணம் நெடியது, இலட்சத்தீவின் பவளத்திட்டுகளுக்கு உட்பட்ட காயல்களில் அலை அடங்கியிருக்கும். நோயாளியும் ஆசிரியரும் அஞ்சலும் செல்லக் காலமுறைப் பயணம் வேண்டும். சுற்றுலாவினருக்கான வாடகைப் பயணம் அதன் செலவைத் தாங்கலாம், அதனிடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. உப்புநீர் உலோகத்தை அரிப்பதால், நன்னீரால் கழுவும் வசதியும் பழுதுபார்க்கும் நிலையமும் நம் நாட்டிலேயே அமைதல் இன்றியமையாதது.

செலவு மிகும், காலம் தாழும் எனச் சிலர் கூறலாம். ஒருமுறை தொடங்கி நின்றுபோன சேவையின் செலவு அதனினும் பெரிதன்றோ? அச்செலவு பணத்தோடு முடிவதில்லை. சபர்மதித் திட்டத்திற்கென, சர்தார் சரோவர் அருகிலுள்ள நீர்நிலையிலிருந்து 2019-இல் முதலைகள் பிடித்து அகற்றப்பட்டன. சேவை நின்றது, அவை இழந்த வாழிடத்திற்கு யார் கணக்கு வைப்பது?

இங்கேதான் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் பங்குண்டு. திட்டமிடப்பட்ட நீர்நிலையில் நீர்மட்டம், காற்றின் திசை, அலையின் உயரம், ஆகாயத்தாமரையின் பரவல், வலைவீசும் இடங்களும் வேளைகளும் ஆகியவற்றை ஓராண்டேனும் நாள்தோறும் குறித்துவைத்தல் கடினமன்று. பள்ளி மாணவரும் இதிற் பங்குகொள்ளலாம். அக்குறிப்பேட்டையும் மீனவர் இசைவையும் கண்ட பின்னரே உரிமம் வழங்குதல் முறையாகும். விமானத்தை எந்நாட்டிலும் வாங்கலாம். நம் நீர்நிலைகளைப்பற்றிய அறிவை நாமே தேடிக்கொள்ளவேண்டும்.