மாறுபடுகிறீர்களா? முதலில் கேளுங்கள்

வங்கிகளில் துறை விசாரணை நடத்துபவர்களும், ஊழியர் தரப்பில் வாதாடுபவர்களும் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 1998 ஆகஸ்ட் 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு வழங்கியது அது.

லக்னோ ஹஸ்ரத்கஞ்ச் கிளையின் கரன்சி செஸ்டில் 1981 நவம்பரில் ஒரு லட்சம் ரூபாய் குறைந்தது. உதவி மேலாளர்கள் இருவர்மீது நடவடிக்கை வந்தது. விசாரணை அதிகாரி அவர்களுக்குச் சாதகமாகச் சொன்ன முடிவுகளை ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி ஏற்கவில்லை. மாறுபட வங்கியின் விதி இடம் தருகிறது. ஆனால் மாறுபட்ட காரணத்தை அவர்களிடம் சொல்லி விளக்கம் கேட்காமலே தண்டனை விதித்தார்.

விளக்கம் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லையே என்றது வங்கி. விதி பேசாவிட்டாலும் இயற்கை நீதி அதற்குள் இருக்கிறது என்றது நீதிமன்றம். மாறுபடுவதற்கான காரணங்களைத் தற்காலிகக் கருத்தாக எழுதி, ஊழியருக்குக் கொடுத்து, பதிலைப் பரிசீலித்த பிறகே குற்றம் நிரூபணமானதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இருவரும் 1983 டிசம்பர் 31 அன்று ஓய்வுபெற்றவர்கள். வங்கியின் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1995இல், ஒருவர் காலமானார். அவருடைய வாரிசுகள் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். ஓய்வுபெற்று 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் மறுவிசாரணைக்கு அனுப்புவது நியாயமல்ல என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. காலமானவருக்குத் தன்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஆயுள் போதவில்லை. குறைந்த பணத்துக்கு யார் பொறுப்பு என்று மறுபடி ஆராயும் வாய்ப்பை வங்கியும் இழந்தது. ஒரு கடிதத்தையும் சில வார அவகாசத்தையும் மிச்சப்படுத்தியதற்கு இரு தரப்பும் கொடுத்த விலை இது.

வங்கியில் இருப்பது மக்களின் பணம். கையாடியவர் தப்பக் கூடாது என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை. அதனால்தான் சொல்கிறோம்: ஊழியரைக் கேட்டு விதித்த தண்டனைதான் நீதிமன்றத்தில் நிற்கும்.

மாறுபாட்டுக் குறிப்பு எழுதும் அதிகாரிகள், ‘குற்றம் நிரூபணமாகிவிட்டது’ என்று முடித்துவிட்டு, தண்டனையைப் பற்றி மட்டும் விளக்கம் கேட்கக் கூடாது. அப்படிச் செய்த நடவடிக்கையை மகாராஷ்டிர நீதித்துறை அலுவலர் ஒருவரின் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. எந்தச் சாட்சியம், எந்த ஆவணம் உங்களை மாறுபட வைத்தது என்று குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். ஊழியரின் பிரதிநிதிகள் அந்தக் குறிப்பையும் விசாரணை அறிக்கையையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியே பதில் தர வேண்டும். அந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை தண்டனை உத்தரவில் எந்த அதிகாரியும் கையெழுத்திடக் கூடாது.