கண்ணில் விழுந்த உமி

கேள்வி: நெல் தூற்றும்போது மனைவியின் கண்ணில் உமி விழுந்தது. இரண்டு நாளாக உறுத்தல் குறையவில்லை. தாய்ப்பால் விடலாமா? – வாசகர், அனுமந்தை.

பதில்: கூடாது. கசக்கவும் வேண்டாம். உமி கருவிழியைக் கீறினால் அந்த வழியாகப் பூஞ்சாணம் புகுந்து புண்ணாகும். பயிருக்கு மட்டுமா பூஞ்சாண நோய்? மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அந்தப் புண்ணை வளர்த்துவிடும். உமியோ உப்பளத் தண்ணீரோ பட்டவுடன் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். இரண்டு நாள் கடந்தபின் கழுவிப் பயனில்லை. இன்றே புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பார்வையே போகலாம். மண்வெட்டி தட்டும்போது இரும்புத் துண்டு கண்ணில் குத்தினால் மட்டும் கழுவாதீர்கள், பிடுங்காதீர்கள். அழுத்தாமல் காகிதக் கப்பால் மூடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.