இரவில் விழிக்கும் மழலை



மயிலையில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, ஒன்றரை மாதக் குழந்தையின் தாய் கண்கலங்கினாள். "இரவெல்லாம் விழிக்கிறான், சுவாமி. என் பால் போதவில்லையாம். கிரைப் வாட்டர் கொடுக்கச் சொல்கிறார்கள்."

அது தாயின் குறையன்று. பிறந்த சிசு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். ஆயினும் அதன் சிறு வயிறு விரைவில் காலியாவதால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை விழிக்கும். பகலிரவு வேறுபாடு அதன் உடலில் படிய மூன்று, நான்கு மாதங்களாகும். ஆகவே பகலில் வெளிச்சமும் பேச்சொலியும் இருக்கட்டும். இரவில் மங்கிய விளக்கில், பேச்சின்றிப் பாலூட்டுங்கள். மல்லாந்த நிலையிலேயே உறங்க வையுங்கள்.

1851இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டரில் அந்நாளில் மதுசாரம் கலந்திருந்தது. இன்று அது நீங்கிவிட்டது. எனினும், முதல் 6 மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காய்ச்சல் கண்டாலோ பால் குடிக்க மறுத்தாலோ, தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

தந்தையரே, அதிகாலையில் ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் ஏந்துங்கள், தாய் உறங்கட்டும். மாமியாரே, குறை கூறுமுன் ஒரு குவளை பால் காய்ச்சிக் கொடுங்கள். அவளது வாட்டம் இரு வாரங்களைக் கடந்தும் நீடித்தால், மருத்துவர் அவளுக்கும் தேவை. குழந்தையின் அழுகை வீடெங்கும் கேட்கிறது. தாயின் அழுகையோ எவர் செவியிலும் விழுவதில்லை.