அடைமொழி யாருக்கு?

மொழிக்குப் பெயர் சூட்டும் உரிமை அதனைப் பேசுவோர்க்கே உரியது என்பதை மறுப்பார் இலர். ஆயினும், கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் மொழிப் பட்டியல் வகுக்கப்படும் இடத்தில் அவ்வுரிமை ஓசையின்றிப் பறிபோகின்றது. “அது வெறும் குறியீடுதானே; தொழில்நுட்பம் அறிந்தோர் பார்த்துக்கொள்வர்” என்று கூறி மொழியறிஞரும் வாளாவிருக்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

நம் நாட்டுக் கொங்கணியையே எடுத்துக்கொள்வோம். கோவாவில் தேவநாகரியிலும் உரோமன் எழுத்திலும், மங்களூர்ப் பகுதியில் கன்னட எழுத்திலும், கேரளத்தில் மலையாள எழுத்திலும் அது எழுதப்பட்டு வந்துள்ளது. இவற்றுள் எதுவும் நேற்று முளைத்ததன்று. தாமஸ் ஸ்டீவன்ஸ் பாதிரியாரின் கொங்கணி ஞானோபதேச நூல் 1622இல் இராச்சோலில் உரோமன் எழுத்தில் அச்சேறியது. 1892இல் பம்பாயில் அரங்கேறிய தியாத்ர் நாடகம் அவ்வெழுத்தின் துணைகொண்டே வளர்ந்தது. மங்களூரின் ‘ராக்ணோ’ வார இதழ் 1938இல் கன்னட எழுத்தில் தோன்றியது.

1987ஆம் ஆண்டின் கோவா ஆட்சிமொழிச் சட்டமோ, கொங்கணி என்பது தேவநாகரி எழுத்திலுள்ள கொங்கணியே என வரையறுத்தது. அரசு அலுவலுக்கு ஓர் எழுத்து வேண்டும் என்பது விளங்கத்தக்கதே. ஆனால் கோவா அரசின் கோப்புக்கு எழுந்த வரையறை, கோவாவுக்கு வெளியே வாழும் கொங்கணியரின் கைப்பேசியையும் ஆளலாமா? விண்டோஸ் மென்பொருளில் ‘கொங்கணி’ என அடைமொழியின்றி நிற்பது தேவநாகரிக் கொங்கணியே. ஏனையோர் இடம் கேட்டால், ‘உரோமன்’ என்றும் ‘கன்னடம்’ என்றும் அடைமொழி பூண்டே நுழைய வேண்டும். அடைமொழியற்றவர் வீட்டுக்காரர், அடைமொழி பெற்றவர் விருந்தினர். வழக்கின் உயிர்நிலை இதுவே.

பன்னாட்டு மொழிக் குறியீட்டு முறையும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. அது கொங்கணி என்னும் பொதுப்பெயரின்கீழ் இரு பிரிவுகளை வகுத்து, அவற்றுள் ஒன்றுக்குக் ‘கோவா கொங்கணி’ எனப் பெயரிட்டது. மங்களூர்ப் பேச்சும் அதனுள்ளேயே அடக்கம். தலைமுறை தலைமுறையாக மங்களூரில் வாழ்பவர் தம் தாய்மொழியைப் பிறிதோர் ஊரின் பெயரால் தேட வேண்டுமாம்! 2015இல் தொடங்கிய கொங்கணி விக்கிப்பீடியாவும் இக்குறியீட்டையே சுமந்து நிற்கின்றது.

“சிறிய மொழியை இவ்வாறு கூறுபோட்டால் அது சிதையாதோ?” என்று வினவுவார் உளர். சிதைப்பது பெயரன்று, புறக்கணிப்பே. செர்பிய மொழியைப் பாருங்கள். அதே விண்டோஸ் பட்டியலில் சிரில்லிக் எழுத்துக்கும் அடைமொழி உண்டு, இலத்தீன் எழுத்துக்கும் உண்டு. அதனால் செர்பிய மொழி இரண்டாகிவிடவில்லை.

அடைமொழி இகழ்ச்சியாகவும் அமைதல் கூடாது. 1933ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முந்திய மரபைப் பின்பற்றும் பெலாரூசிய விக்கிப்பீடியா, நெடுங்காலம் ‘பழையது’ என்னும் பொருளுடைய குறியீட்டைத் தாங்கிற்று. 2015இல்தான், அம்மரபை வகுத்த இலக்கண ஆசிரியர் தராஷ்கியேவிச்சின் பெயரால் அமைந்த குறியீடு அதற்குக் கிட்டியது. வாழும் வழக்கைப் பழையது என்பது பெயரிடுதல் அன்று, இரங்கற்பா பாடுதல்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. பொதுப்பெயர் மொழி முழுமைக்கும் உரியதாகட்டும். தேவநாகரி உட்பட எல்லா வடிவங்களும் அடைமொழி பெறட்டும். அவ்வடைமொழி எழுத்தையோ வழங்கும் இடத்தையோ உள்ளவாறு சொல்லட்டும். ‘தூய’, ‘பழைய’, ‘செம்மையான’ என்னும் தீர்ப்புரைகள் ஒழியட்டும். பட்டியலில் ஒவ்வொரு வடிவமும் தன் எழுத்திலேயே தோன்றட்டும்.

இது பிறர் வழக்கு என்று தமிழர் ஒதுங்கிவிட இயலாது. மதுரையில் நம்மோடு வாழும் சௌராஷ்டிரர் மொழிக்கும் தனி எழுத்து, தேவநாகரி, தமிழ் எழுத்து எனப் பல வடிவங்கள் உண்டு. நாளை அதற்குப் பெயரிடும் மேசையில் நம்மவரும் அமரக்கூடும். அன்று ஒரு வடிவத்தை மட்டும் வீட்டுக்காரராக்கி மற்றவற்றை வாயிலில் நிறுத்தோம் என இன்றே உறுதி கொள்வோமாக.