100 வாட் ஆம்ப், 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தமா? கிடார் ஆம்ப் வாங்கும்போது இடறும் கணக்கு

எலெக்ட்ரிக் கிடார் வாங்கியாச்சு. அடுத்து ஆம்ப். ஆன்லைனில் தேடினால் 10 வாட், 20 வாட், 50 வாட், 100 வாட் என்று வரிசையாக வந்து நிற்கும். விலையும் பெரும்பாலும் அதே வரிசையில் ஏறும். '10 வாட் பத்தாது, கொஞ்சம் பெருசாவே எடுத்துடலாம்' என்று 50 வாட்டுக்குப் பணம் கட்டுபவர், ஐந்து மடங்கு சத்தத்தை எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால், மற்ற எல்லாம் சமமாக இருந்தால் காதுக்குக் கிடைக்கும் வித்தியாசம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். அவ்வளவுதான்.

காரணம் எளிது. வாட் என்பது சத்தத்தின் அளவே கிடையாது. ஆம்ப், ஸ்பீக்கருக்கு எவ்வளவு மின் சக்தியைத் தள்ள முடியும் என்பதைத்தான் அது சொல்கிறது. 9 வாட் எல்இடி பல்பு, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தருவதை இன்று யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. பல்பு விஷயத்தில் பழகிவிட்ட இந்தக் கணக்கு ஆம்ப் விஷயத்தில் மட்டும் இன்னும் பழகவில்லை.

காது எப்படிக் கணக்குப் போடுகிறது?

மனிதக் காதுக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும், வலியை உண்டாக்கும் ஒலிக்கும் இடையே உள்ள சக்தி வித்தியாசம் சுமார் ஒரு லட்சம் கோடி மடங்கு. இவ்வளவு பெரிய வீச்சை நேர்க்கோட்டில் அளந்தால் கட்டுப்படியாகாது. அதனால் காது மடங்குக் கணக்கில் வேலை செய்கிறது. டெசிபல் என்ற அளவும் அதே வழியில்தான் உருவானது. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரில் வந்த அளவு இது.

இதில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே எண்கள். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். வாட் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும்.

3 டெசிபல் கூடினால் காது 'கொஞ்சம் ஏத்திட்டாங்க போல' என்று உணரும். 'டபுள் சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். ஹார்வர்டு உளவியலாளர் எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ் போன்றவர்கள் ஆட்களை உட்காரவைத்து, ஒலிகளைக் கேட்கவைத்து கண்டுபிடித்த கணக்கு இது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனாலும் பொதுவான வழிகாட்டியாக இன்றும் நிற்கிறது.

ஆகவே 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போவது வெறும் 3 டெசிபல். 10 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம் வேண்டும் என்றால்தான் 100 வாட். அப்படியானால் 1 வாட் ஆம்ப், 100 வாட் ஆம்பின் சத்தத்தில் கால்வாசியா? ஆமாம், நூறில் ஒரு பங்கு அல்ல, கால்வாசி. இதை நம்புவதுதான் பலருக்கும் கஷ்டம்.

அப்போ கூடுதல் வாட் எதற்கு?

ஃபெண்டர் நிறுவனத்தின் இரண்டு புகழ்பெற்ற டியூப் ஆம்ப்களை எடுத்துக்கொள்ளலாம். டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட். ட்வின் ரிவெர்ப் 85 வாட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டெசிபலில் பார்த்தால் வித்தியாசம் 6-க்குள். ட்வினில் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு இருப்பதால் இன்னும் 3 டெசிபல் வரை கூடலாம். மொத்தமாகச் சேர்த்தாலும் 'டபுள்' எட்டவில்லை. எடை மட்டும் டீலக்ஸ் சுமார் 19 கிலோ, ட்வின் சுமார் 29 கிலோ. மாடிப்படியில் தூக்கிப்போகிறவருக்கு அந்த வித்தியாசம் டெசிபலைவிட நன்றாகவே உறைக்கும்.

பிறகு ஏன் ட்வினை வாங்குகிறார்கள்? சுத்தமான சத்தத்துக்காக. வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் டீலக்ஸ் ஒரு கட்டத்தில் கரகரக்கத் தொடங்கும். ராக், புளூஸ் வாசிப்பவர்கள் ஆசைப்படும் டிஸ்டார்ஷன் அதுதான். ட்வின் அந்தக் கட்டத்தைத் தாண்டியும் தெளிவாகவே நிற்கும். கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் பணம் வாங்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான். இதே காரணத்தால்தான் பல ஆம்ப்களில் வால்யூம் பட்டனை 4, 5-க்கு மேல் திருகினால் சத்தம் பெரிதாக ஏறாமல் கரகரப்பு மட்டும் ஏறுகிறது.

பேஸ் கிடார் கதை வேறு. தாழ்ந்த சுருதிகளுக்குக் காது மந்தம் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. கிடார் ஸ்பீக்கர் துருத்திக்கொண்டு பேசும் இடமும் அதை ஒட்டியதுதான். பேஸ் கிடாரின் அடிக்கம்பியோ 41 ஹெர்ட்ஸ். அதைக் கேட்கவைக்க வாட் அள்ளிக்கொட்ட வேண்டும். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி பேஸ் ஆம்ப் 300 வாட்டுடன் வந்தது சும்மா இல்லை.

விளம்பரத்தில் வராத எண்

சத்தத்தை முடிவு செய்வதில் வாட் பாதிதான். மீதிப் பாதி ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதை ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்பார்கள். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு இது 98. அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30-க்கு 100. இரண்டே டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் நான்கு கிரீன்பேக் உள்ள கேபினெட்டை விட்டு நான்கு வின்டேஜ் 30 உள்ள கேபினெட்டுக்கு மாறினால், 50 வாட் ஆம்ப் கிட்டத்தட்ட 80 வாட் ஆம்ப் போலச் சத்தம் போடும். ஆம்பை மாற்றவே வேண்டாம்.

அடுத்த குழப்பம், 'டியூப் வாட் பெரிய வாட்' என்ற பேச்சு. ஒரு வாட் எங்கே போனாலும் ஒரு வாட்தான். ஆனால் பேச்சில் விஷயம் இருக்கிறது. அட்டையில் போடும் வாட், சத்தம் கெடாமல் இருக்கும் எல்லை வரைதான் அளக்கப்படுகிறது. டியூப் ஆம்ப் அந்த எல்லையைத் தாண்டினாலும் காதுக்கு இனிமையாகவே கெடுகிறது, வாசிப்பவரும் தைரியமாகத் தாண்டுகிறார். டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையைத் தாண்டினால் காது கூசும், கை தானாக வால்யூமைக் குறைக்கும். 2019-ல் ஃபெண்டர் தன் ட்வின் ரிவெர்பை டியூப் இல்லாமல் டோன் மாஸ்டர் என்ற பெயரில் டிஜிட்டலாகச் செய்தது. பழைய 85 வாட்டுக்கு ஈடுகொடுக்க அதற்குள் வைத்தது 200 வாட். 22 வாட் டீலக்ஸுக்கு 100 வாட். தயாரித்த நிறுவனமே இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்க்கவில்லை.

இதெல்லாம் நேர்மையாக அளந்த வாட் பற்றிய பேச்சு. ஒரு காலத்தில் நம்மூர் மியூசிக் சிஸ்டம் அட்டைகளில் ஆயிரக்கணக்கில் மின்னிய 'பிஎம்பிஓ' வாட் எந்தக் கணக்கிலும் சேராது. ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதும்.

100 வாட் எப்படிப் பிறந்தது?

1965-ல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். மேடையில் இருந்தவை வாக்ஸ் 100 வாட் ஆம்ப்கள். ரசிகர்களின் அலறலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குச் சரியாகக் கேட்காத நிலை. அதே காலகட்டத்தில் லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் இன்னும் சத்தம் வேண்டும் என்று ஜிம் மார்ஷலிடம் கேட்டு நின்றதில் பிறந்ததுதான் மார்ஷலின் 100 வாட் ஆம்ப். கிடாரின் சத்தத்தை மைக் வைத்து அரங்கம் முழுக்கக் கொண்டுபோகும் வசதி அன்று சரியாக இல்லை. மேடையில் இருக்கும் ஆம்பே கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டியிருந்தது.

1976-ல் லண்டன் சார்ல்டனில் அதே குழு நடத்திய கச்சேரி, 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் என்று கின்னஸில் ஏறியது. காதுக்குக் கேடு என்பதால் 'அதிகச் சத்தக் கச்சேரி' என்ற பிரிவையே கின்னஸ் பின்னர் கைவிட்டது. டவுன்ஷெண்ட் தன் செவித்திறன் பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகவே பேசியவர். அதற்கு மேடை ஆம்பைவிட ஸ்டுடியோ ஹெட்போன்தான் முக்கியக் காரணம் என்றார் அவர். வாட்டில் பார்த்தால் ஹெட்போனுக்குப் போவது ஒரு துளி சக்தி. ஆனால் அது காதை ஒட்டி இருக்கிறது.

இன்று கச்சேரியில் ஆம்புக்கு முன்னால் மைக் இருக்கிறது, அரங்கத்தின் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்கின்றன. மேடைக்கே 20 வாட் டியூப் ஆம்ப் பல நேரம் போதும். ஆம்பே இல்லாமல் காதுக்குள் மானிட்டர் வைத்து வாசிப்பவர்களும் உண்டு. மார்ஷல் நிறுவனம் தன் 50-வது ஆண்டான 2012-ல் கொண்டாட்டமாக வெளியிட்டது, 1 வாட் ஆம்ப் வரிசை.

வீட்டுக்கு எத்தனை வாட்?

இங்கேதான் கணக்கு திருப்பி அடிக்கிறது. பெரிய வாட் பெரிய சத்தம் தராது என்றால், சின்ன வாட்டும் சின்ன சத்தம் தராது.

100 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் போனால், ஒரு மீட்டரில் 100 டெசிபல். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி என்று போய் 100-ல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். கிடார் இடைவிடாமல் முழுச் சத்தத்தில் ஒலிப்பதில்லை என்பதால் நிஜத்தில் கொஞ்சம் தாராளம் கிடைக்கும். ஆனால் மூடிய அறையில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், தள்ளி உட்கார்ந்தால் கிடைக்கும் லாபம் குறையும்.

அடுத்த வீட்டுக்காரர் கணக்கு இன்னும் கறார். இந்தியாவின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. தனியார் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. 100-லிருந்து அங்கே இறங்கும் வேலையை 1 வாட் ஆம்ப் செய்யாது, சுவரும் வால்யூம் பட்டனும்தான் செய்ய வேண்டும்.

அதனால் வீட்டில் வாசிக்கிறவர் 10 வாட்டா 50 வாட்டா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதைவிட, குறைந்த சத்தத்திலும் ஆம்ப் நன்றாக ஒலிக்கிறதா என்று கடையில் வாசித்துப் பார்ப்பது லாபம். வாட்டைக் குறைக்கும் ஸ்விட்ச் இப்போது பல மாடல்களில் வருகிறது. பாஸ் கட்டானா 50-ஐ 0.5 வாட் வரை இறக்கலாம். டோன் மாஸ்டர் டீலக்ஸை 0.2 வாட் வரை. கேட்க மிகச் சின்ன எண்ணாகத் தெரியும். 100 டெசிபல் ஸ்பீக்கரில் 0.2 வாட் முழுதாகப் போனால் ஒரு மீட்டரில் 93 டெசிபல். நியாஷ் கணக்கில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரம்.