ரத்தினபுரிப் பையன்களும் நம் ஊர் மேடையும்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமெல்லாம் பங்குனிப் பொங்கல் பேச்சு தொடங்கியிருக்கும். கமிட்டிக்காரர்கள் வரவு செலவு நோட்டோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ராத்திரிக்கு வள்ளி திருமணம், எந்த ராத்திரிக்குக் கரகாட்டம், எந்த ராத்திரிக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் உங்களிடம் ஓர் இசைக்குழுவின் கதையைச் சொல்லிவிட நினைக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் நடந்த கதை.

ரத்தினபுரி என்பது மாணிக்கக் கல் தோண்டும் ஊர். கொழும்பிலிருந்து மலைப்பக்கமாகப் போகும் வழியில் இருக்கிறது. 1966 வாக்கில் அங்கே கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலவன என்ற இரண்டு இளைஞர்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். கிளாரன்ஸ் தேயிலை மலையான ஹப்புத்தளையில் பிறந்தவர். கிட்டார் வாசிப்பார், பாட்டெழுதுவார், மெட்டும் அவரே போடுவார். அனஸ்லிக்கு நல்ல குரல். கல்லுக்குப் பேர்போன ஊர் என்பதால் சந்திரகாந்தக் கல்லின் ஆங்கிலப் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்: மூன்ஸ்டோன்ஸ்.

அந்தக் காலத்து இலங்கையில் பாட்டு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவர்கள் செய்த காரியத்தின் அருமை விளங்கும். சிங்களச் சினிமாவில் இந்திப் படத்து மெட்டுகளை எடுத்துச் சிங்கள வார்த்தைகளை இட்டு நிரப்புவது வழக்கமாக இருந்தது. மேடைகளில் ஸ்பானியப் பெயர் வைத்துக்கொண்ட குழுக்கள், சாதாரண கிட்டாரும் கிலுக்கியும் வைத்துக் கலிப்ஸோ பாணியில் பாடின. கல்யாண வீடுகளில் போர்த்துக்கீசியர் வழி வந்த பைலா. கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் ஜெட்லைனர்ஸ் போன்ற திறமையான குழுக்கள் ஆங்கிலப் பாட்டு வாசித்தன. எலக்ட்ரிக் கிட்டார் அந்த ஹோட்டல்காரர்களின் வாத்தியம் என்றுதான் இருந்தது. ரத்தினபுரிப் பையன்கள் அதே கிட்டாரைக் கையில் எடுத்து, தங்கள் தாய்மொழியில், தாங்களே போட்ட மெட்டில் பாடினார்கள். சிங்கள இசைக்குள் எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ் என்று இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள்.

பாடிவிட்டால் போதுமா? யாராவது கேட்க வேண்டுமே. இவர்கள் பாட்டைக் கேட்டவர் விஜய கொரயா. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர், ஆங்கில நிகழ்ச்சிகளில் நாடறிந்த குரல். நாட்டுப்புற ஊரிலிருந்து வந்த, முன்பின் தெரியாத பையன்களை வானொலியில் பாடவைத்தார். அதோடு விடாமல் குழுவின் நிர்வாகப் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டு ஊர் ஊராக அழைத்துப் போனார். பிற்காலத்தில் அதே நிறுவனத்துக்குத் தலைமை இயக்குநராக உயர்ந்தவர் அவர். அந்தப் பதவியைவிட, இந்தப் பையன்களுக்காக அவர் மைக்கைத் திறந்துவிட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

'மேங்கோ களு நெந்தே' என்ற பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. மாங்காய் அத்தையைக் கூப்பிடும் பாட்டு அது. 'தில்ஹானி' வந்தது. இசைத்தட்டுகள் வந்தன. ஜெரால்ட் விக்ரமசூரிய நடத்திய 'சூரியா' இசைத்தட்டு நிறுவனம் இப்படிப்பட்ட இளம் குழுக்களைத் தேடிப் பிடித்து வெளியிட்டது. இந்திராணி பெரேரா என்ற பாடகியும் குழுவில் சேர்ந்தார். சினிமா நட்சத்திரங்களுக்குக் கிடைத்த கூட்டம் இவர்களுக்கும் கிடைத்தது.

எல்லாம் ஏறக்குறைய நான்கே ஆண்டுகள். 1970-ல் கிளாரன்ஸ் மூன்ஸ்டோன்ஸை விட்டு வெளியேறி 'கோல்டன் சைம்ஸ்' என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். 1973-ல் அவரும் அனஸ்லியும் மறுபடி ஒன்றுசேர்ந்து 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆனார்கள். அதுவும் சில ஆண்டுகளில் கலைந்தது. கிளாரன்ஸ் 1996 டிசம்பர் 13-ம் தேதி, 53-வது வயதில் இறந்துபோனார். மூன்ஸ்டோன்ஸில் அவர் இருந்தது நான்கு வருஷம்தான், ஆனால் பாட்டுகள் நின்றுபோகவில்லை. சிங்களக் குடும்பங்கள் சுற்றுலா போகும் பஸ்களில் பின்சீட்டில் கைதட்டிப் பாடுகிறவற்றில் அவருடைய மெட்டுகள் இன்னும் இருக்கின்றன.

இந்தக் கதையை நம் கரிசல்காட்டு வாசகர்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். அந்த வானொலி நம்முடையதாகவும் இருந்தது என்பது முதல் காரணம். மத்திய அமைச்சராக இருந்த கேஸ்கர் 1952-ல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தியபோது, நம் ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய ஒலிபரப்பு வசதி இலங்கை வானொலியிடம் இருந்தது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் திருச்சி வானொலியைவிட அது தெளிவாகக் கேட்ட நாட்கள் உண்டு. 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் தறிக்குழியில் கால் மிதிப்பது அந்தத் தாளத்துக்கு மாறிவிடும் என்று அருப்புக்கோட்டை நெசவாளர்கள் இப்போதும் சொல்வார்கள். நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயரும் ஊரும் கடல் தாண்டி ஒலிக்குமா என்று பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த தலைமுறை அது.

இன்னொரு காரணமும் உண்டு, அது மனசைக் கொஞ்சம் கனக்கச் செய்வது. ஹப்புத்தளையிலும் ரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிலும் கொழுந்து பறித்தவர்கள், ரப்பர் பால் வெட்டியவர்கள் யார்? மழை பொய்த்த நம் தென்மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்தும் போன ஜனங்களின் பிள்ளைகள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. மூன்ஸ்டோன்ஸ் புகழோடு இருந்த அதே ஆண்டுகளில்தான், தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறுவதற்கான தாள்கள் அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் நிரப்பப்பட்டன. லயத்துக்குள் கேட்ட வானொலியும், துரை பங்களாவில் கேட்ட வானொலியும், ரத்தினபுரிக் கடைத்தெரு வானொலியும் ஒரே நிலையம்தான். வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களில் அந்த மெட்டுகளும் இருந்திருக்கும்.

தாய்மொழியில் தாங்களே மெட்டுப் போட்டுப் பாடுவது தமிழிலும் நடந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு தமிழில் துள்ளிசை பாட ஆரம்பித்தார். அவருடைய 'சின்ன மாமியே' ஈழத்துத் தமிழ் வீடுகளில் இன்றைக்கும் மூன்று தலைமுறையும் சேர்ந்து பாடும் பாட்டு. ஏ.ஈ. மனோகரனைச் 'சிலோன் மனோகர்' என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' ராமேஸ்வரம் தாண்டி நம் ஊர் டீக்கடைக்கே வந்து சேர்ந்தது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அந்தப் பாட்டை எடுத்தாண்டார், மலேசியா வாசுதேவன் பாடினார். மனோகர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ஈழத்துப் பொப்பிசையின் உச்சமும் சில வருஷங்கள்தான். அதன்பின் வந்த யுத்தம் அந்த மேடைகளை விழுங்கிவிட்டது.

இந்தப் பாட்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று மாங்காய் அத்தையைப் பற்றியது. ஒன்று மாமியை விளிப்பது. சுராங்கனிக்கு வருவது மீன். உறவுக்காரியும் சந்தைக் கூடையும்தான் பாட்டுக்குப் பொருள். பெரிய தத்துவம் எதையும் இவர்கள் தேடிப் போகவில்லை. தெருவில் தினமும் பார்க்கிற ஆளைப் பாடினார்கள், தெருவே திரும்பப் பாடியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு தம்பி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வெல்டிங் பட்டறையில் வேலை, ஒருவர் கல்லூரியில் படிக்கிறார், ஒருவர் லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு. ட்ரம்ஸ் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுக்கிறார்கள். காதுகுத்து, கல்யாணம், கோயில் பொங்கல் என்று சுற்று வட்டாரத்தில் பாடுகிறார்கள். சொந்தமாகவும் சில பாட்டு வைத்திருக்கிறார்கள். களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருக்கும்போது நேரங்கெட்ட நேரத்தில் மழை வந்ததைப் பற்றி ஒன்று. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் கருவேலங்காட்டு ரோட்டில் நடந்துவரும் ஒருவனைப் பற்றி ஒன்று. கமிட்டிக்காரர்கள் என்ன சொல்கிறார்களாம்? “சொந்தப் பாட்டெல்லாம் வேணாம் தம்பி, தெரிஞ்ச பாட்டாப் பாடுங்க. சனம் எந்திரிச்சுப் போயிரும்.” கடைசியில் அவர் கேட்டிருந்தது ஒரே கேள்வி: “எங்க பாட்ட யாருங்க கேப்பா?”

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நகரத்துக்குப் போ, சென்னையில் வாய்ப்புத் தேடு என்று சொல்வது எளிது. அதை நான் சொல்ல மாட்டேன். 1970, 71-ல் ஒரு சிகரெட் கம்பெனி 'சிம்லா பீட்' என்ற பெயரில் இந்தியா முழுவதற்குமான இசைக்குழுப் போட்டி நடத்தியது. பம்பாய், கல்கத்தா, மதராஸ், பெங்களூர் என்று பெருநகரக் குழுக்கள் வந்து குவிந்தன. திறமைக்குக் குறைவில்லை, இசைத்தட்டும் வந்தது. ஆனால் பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். நம் தெருக்களில் அந்தப் பாட்டு ஒன்றைக்கூட யாரும் முணுமுணுத்ததில்லை. பெருநகரத்து மேடை மட்டும் ஒரு பாட்டை வாழவைத்துவிடாது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறொரு உதாரணம் அமெரிக்காவிலிருந்து. மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற ஊர். டெக்சாஸிலிருந்து பயிர் வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் பிழைக்கப் போன மெக்சிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். பெயரிலேயே கேள்விக்குறி உள்ள குழு அது: '? அண்ட் த மிஸ்டீரியன்ஸ்'. 1966-ல் பக்கத்து ஊரில் '96 டியர்ஸ்' என்ற பாட்டைப் பதிவுசெய்து, ஓர் உள்ளூர்ச் சிறு நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார்கள். முதலில் அந்த வட்டாரத்து வானொலி நிலையங்கள்தான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. அதே வருஷம் அக்டோபரில் அது அமெரிக்கா முழுவதிலும் முதலிடத்துக்கு வந்தது. அதன்பிறகு அந்த அளவுக்கு இன்னொரு வெற்றி அவர்களுக்கு அமையவில்லை. அந்த ஒரு பாட்டு போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் போட்ட மெட்டை ஒரு தேசமே பாடியது.

ரத்தினபுரியிலும் சாகினாவிலும் முதலில் யாரோ ஒருவர் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார். ஓர் அறிவிப்பாளர், ஒரு வட்டார வானொலி நிலையம். இன்றைக்கு எந்தப் பையனும் செல்போனில் பாட்டைப் பதிந்து உலகத்துக்கே போட்டுவிடலாம், உண்மைதான். ஆனால் அந்தப் பெருங்கூட்டத்தில் எம்.ரெட்டியபட்டிப் பாட்டை இன்னொருவர் காதருகே கொண்டுபோய், “இதைக் கேளுங்க, நம்ம பிள்ளைங்க பாடுனது” என்று சொல்ல ஆள் வேண்டும். விஜய கொரயா செய்த வேலை அதுதான். நம் பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பவர்கள் திருவிழாக் கமிட்டிக்காரர்கள். மேடை அவர்கள் கையில், மைக் செட் அவர்கள் கையில், இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற ராத்திரியும் அவர்கள் கையில்.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் கேட்கிற பாட்டு ஒவ்வொன்றும் ஒருவருடைய நினைவு, அதைப் பாடத்தான் வேண்டும். நான் கேட்பது ஒரே ஒரு பாட்டு. ஒன்பது மணிக்குக் கச்சேரி தொடங்கினால், பத்து மணிக்குள், பெண்களும் பிள்ளைகளும் எழுந்து போவதற்கு முன்னால், அந்தக் குழு தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று. நம் சனத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. மிளகாய்க் களத்தில் மழை வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அந்தப் பாட்டுக்கு எழுந்து போக மாட்டார்கள்.

குழுக்களில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சொந்தப் பாட்டு என்பதற்காகச் சினிமாப் பாட்டைவிடக் குறைவாக ஒத்திகை பார்க்காதீர்கள். கூடுதலாகவே பார்க்க வேண்டும். பேடில் இருக்கிற ஆயத்தத் தாளத்தை அப்படியே ஓட்டாமல், நம் நையாண்டி மேளத்துத் தவில்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டுக்கு என்ன நடை பொருந்தும் என்று கேளுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரும் தவிலும் சேர்ந்து ஒலித்தால் அது நம்முடைய சத்தமாக இருக்கும்.

கமிட்டிக்காரர்களே, பேசிய பணத்தை அன்றைக்கு ராத்திரியே கொடுத்தனுப்புங்கள். வாடகை ட்ரம்ஸைக் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சித்திரை இதழில் இரண்டு பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். எந்த ஊர் மேடையில் சொந்தப் பாட்டு பாடப்பட்டதோ, அந்தப் பாட்டை எழுதியவர் சம்மதத்தோடு முழுசாக அச்சிடுவோம். எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், குழுவின் பெயர், மேடை கொடுத்த ஊர், பாடிய தேதி ஆகியவற்றை மறக்காமல் குறிப்பிடுங்கள். பாட்டைச் செல்போனில் பதிந்து அனுப்பினாலே போதும். பங்குனி கடைசிக்குள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்