வெப்ப அலை எச்சரிக்கை மட்டும் போதுமா? வெயிலில் தோலும் கண்ணும் சந்திக்கும் மறைமுக ஆபத்து

ஹைதராபாத்: வெப்ப அலையையும் வெயில் தாக்கத்தையும் மாநிலத்துக்கே உரிய பேரிடராகத் தெலங்கானா அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. இதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் வழங்கப்படும். ஆனால், அதே வெயில் உயிரைப் பறிக்காமல், ஆண்டுக்கணக்கில் தோலிலும் கண்ணிலும் ஏற்படுத்தும் சேதம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வெப்பமும் புற ஊதாக் கதிர்களும் வெவ்வேறானவை என்பதே இதன் அடிப்படை. வெப்பத்தை உடல் உடனே உணரும், கதிர்களை உணராது. வெப்பநிலை பிற்பகலில் உச்சம் தொடுகிறது. கதிர்வீச்சோ நண்பகலிலேயே உச்சம் தொட்டுவிடும். லேசான மேகமூட்டமும் அதை முழுமையாகத் தடுக்காது. ஏறத்தாழ 17 டிகிரி வட அட்சரேகையில் உள்ள ஹைதராபாத்தில், மே 9ஆம் தேதி வாக்கில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழலே விழாத நாளும் உண்டு.

புற ஊதாக் குறியீடு 3ஐ எட்டினாலே பாதுகாப்பு அவசியம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 முதல் 10 வரை 'மிக அதிகம்'. 11ம் அதற்கு மேலும் 'தீவிரம்'.

கறுத்த தோலுக்கு ஆபத்தில்லையா?

கறுத்த தோலில் உள்ள மெலனின் ஓரளவு பாதுகாப்பு தருவது உண்மை. ஆனால் கண்ணுக்கு அந்தக் கவசம் இல்லை. நீண்டகாலக் கதிர்வீச்சு கண்புரைக்கும், கருவிழி மீது சதை வளர்வதற்கும் காரணமாகலாம். சாலையோரம் விற்கும் கறுப்புக் கண்ணாடி கதிர்களைத் தடுக்காவிட்டால் பாதிப்பு கூடவும் வாய்ப்புண்டு. இருட்டில் கண்மணி விரிந்து அதிகக் கதிர்களை உள்ளே அனுமதிக்கும். எனவே நிறத்தைப் பார்க்காமல் 'யுவி 400' குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைப் பருத்தி ஆடை, குறைந்தது எஸ்பிஎஃப் 30 கொண்ட சன்ஸ்கிரீன் ஆகியவை தோலைக் காக்கும். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

ஒதுங்க முடியாதவர்கள்

நண்பகலில் வெளியே செல்லாதீர்கள் என்ற அறிவுரை, கட்டுமானத் தொழிலாளர், போக்குவரத்துக் காவலர், உணவு விநியோகிப்போர் ஆகியோருக்குப் பொருந்தாது. மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் இறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு வெயிலில் வேலை செய்வதே காரணம் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023 நவம்பரில் தெரிவித்தன.

ஆகவே, வெப்ப எச்சரிக்கையுடன் புற ஊதாக் குறியீட்டையும் அன்றாடம் மக்களிடம் கொண்டு சேர்ப்பது அவசியம். பணி நேரத்தை மாற்றுவது, நிழற்கூரை அமைப்பது, தொப்பியும் தரமான கண்ணாடியும் வழங்குவது ஆகியவை வேலை கொடுப்போரின் கடமையாக வேண்டும். இறப்புக்குப் பின் தரும் நிவாரணத்தைவிட, பார்வை மங்கும் முன் தரும் பாதுகாப்புக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.